அத்தையின் குட்கா

எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது என் நினைவில் ஒரே ஒரு தடவைதான். அதற்கும் காரணம் வேறு யாருமில்லை, நான்தான். நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் ஒரு காக்கிச் சட்டைக்காரரை வாய் நிறைய வீட்டுக்கு அழைத்துவிட்டு வந்திருந்தேன். எதைப் பார்க்க அழைத்தோம் என்று எனக்கு ஒரு நினைப்பு, எதைப் பிடிக்க வருகிறோம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் அத்தை.

அத்தை என்றால் என் தாய்மாமன் மனைவி. மாமா பட்டாளத்தில் இருந்தார். பஞ்சாபில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சீக்கியப் பெண்ணைப் பிடித்துப்போய், அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டு, ஒரு நாள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்து இறக்கினார். அம்மாவுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மா. பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் அவருக்குப் பெண்கூடப் பார்த்து வைத்திருந்தாள். மாமாவோ, தன்னை எல்லைப் பக்கம் மாற்றிவிட்டார்கள், அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை இவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். கெட்டிக்காரர்.

அம்மா அத்தையோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பேர் சொல்லிக் கூப்பிடாமல், முறை சொல்லியும் கூப்பிடாமல், வெறும் 'அது' என்று வைத்துக்கொண்டாள். "அது சாப்ட்டுச்சா?" "அது எங்க போச்சு?" எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும், அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேருக்கும் நடுவில் நான் போஸ்ட்மேன் வேலை பார்த்தேன்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. அத்தைக்குத் தமிழ் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை நிறைய இருந்தது. அந்த வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுகிற தமிழ் எது? அம்மா என்னைத் திட்டுகிற தமிழ்தான். வா, போ, உக்காரு, எழுந்திரு, செருப்ப கழட்டு, கைய கழுவு. இவ்வளவையும் அத்தை சுத்தமாகப் பிடித்துக்கொண்டாள். வார்த்தைக்குப் பின்னால் 'ங்க' என்று ஒன்று உண்டு என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. என் அப்பாவிடம் "நீ சாப்பிடு" என்றாள். ரேஷன் கடைக்காரரிடம் "நீ நவுரு" என்றாள். கோயில் பூசாரியிடம் "நீ வா" என்றாள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதற்கு நாலு வார்த்தை மரியாதையாகப் பேசச் சொல்லிக் கொடேன் என்று அப்பா கேட்டபோது, தனக்கு வேறு வேலை இல்லையா என்று அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

அத்தை கொண்டுவந்த பெட்டியில் துணிமணி கொஞ்சம்தான் இருந்தது. நீலத் துணியில் சுற்றிய வாள் ஒன்று இருந்தது, அவள் தாத்தாவுடையது. தோல் பிடி போட்ட பிரம்புகள் இரண்டும், பட்டுத் துணியில் மடித்த சின்னப் புத்தகம் ஒன்றும் இருந்தன. அந்தப் புத்தகம் அவர்களுடைய பிரார்த்தனைகள் அடங்கியது. அதற்கு அவர்கள் பாஷையில் குட்கா என்று பேர். பிரம்பை வாளாகப் பாவித்துப் பழகுகிற சண்டைக்குக் கட்கா என்று பேர். அத்தையின் வாயில் இரண்டும் வேறு வேறாகத்தான் வந்தன. என் வாயில் இரண்டுமே குட்காவாக வந்தன. கடையில் தொங்கவிட்டு விற்கிற, வாயில் அதக்குகிற சரக்குக்கும் அதே பேர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தெருவில் அதைப் பாக்குப் பொட்டலம் என்றுதான் சொல்வார்கள்.

குட்காவைத் தொடுவதற்கு அத்தையிடம் ஒரு முறை இருந்தது. காலையில் குளித்துவிட்டு, தலையில் முக்காடு போட்டு, கையை மறுபடியும் கழுவி, பீரோ மேலிருந்து இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டுதான் பிரிப்பாள். இந்தக் கை கழுவுகிற இடத்தில்தான் அம்மாவுக்கும் அவளுக்கும் முதல் உரசல். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் அதுதான். வாசற்படி ஓரம் ஒரு நீல டிரம்மில் நிரப்பி வைத்திருப்போம். நல்ல தண்ணீர் குழாயில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அது சமையல்கட்டில் எவர்சில்வர் குடத்தில் மூடி போட்டு இருக்கும். நான் ஒரு தடவை அந்தத் தண்ணீரில் ஸ்லேட்டைக் கழுவிவிட்டு முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அத்தையோ தினமும் அந்தக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கையைக் கழுவினாள்.

"குடிக்கிற தண்ணில கை கழுவுற ஊட்ட எங்கியாச்சும் பாத்துருக்கியாடி?" என்று அம்மா என்னைப் பார்த்து, அத்தையின் காதில் விழும்படி கேட்டாள். அத்தை ஓடிவந்து விரலை நீட்டிக் காட்டினாள். உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் விரலில் வெள்ளையாகப் பூக்கிறது, அது புத்தகத்தில் ஒட்டுகிறது என்று கையாலேயே விளக்கினாள். அம்மா அந்த விரலைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள்.

கட்கா சாயங்காலத்தில் நடக்கும். வீட்டுக்குப் பின்னால் வரப்பைத் தாண்டினால் அம்மா வேலை பார்க்கிற உப்புப் பாத்திகள். அந்த வரப்போரம் அத்தை ஒரு துணியை விரித்து, பிரம்பையும் வாளையும் அதன்மேல் வைத்து, குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் கையில் எடுப்பாள். வாளை உறையிலிருந்து உருவ மாட்டாள். பிரம்பை எடுத்துக்கொண்டு நாலு மூலைக்கும் காலை மாற்றி மாற்றி வைத்துச் சுற்றி வருவாள். எனக்கும் ஒரு சவுக்குக் குச்சி கிடைத்தது. நானும் பின்னாலேயே சுற்றினேன். ஆயுதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவளுடைய முதல் பாடம். ஒரு நாள் அம்மாவின் உப்பு வாரும் பலகை பாதையில் குறுக்கே கிடந்தது. அம்மா பழக்கத்தில் அதைத் தாண்டிப் போனாள். பின்னால் வந்த அத்தை நின்று, குனிந்து, பலகையை எடுத்து நெற்றியில் ஒற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பலகையைப் போய்க் கும்பிடுகிறதே இது என்று அம்மா அன்றைக்கெல்லாம் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பலகை தரையில் கிடந்து நான் பார்த்ததில்லை.

அம்மா இந்த விளையாட்டில் சேர்ந்ததும் ஒரு சிரிப்பினால்தான். ஒரு நாள் ஈர வரப்பில் அத்தை சறுக்கிப் பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அத்தை எழுந்து, சல்வாரைப் பிழிந்துவிட்டு, இரண்டாவது பிரம்பை அம்மாவிடம் நீட்டினாள். "நீ வா."

அம்மா புடவையைத் தூக்கிச் செருகினாள். தம்பி பெண்டாட்டியை நாலு பேர் பார்க்க, ஒருத்தரும் குறை சொல்ல முடியாதபடி அடிக்கலாம் என்றால் எந்த நாத்தனார் வேண்டாம் என்பாள்? கேடயத்துக்குக் குண்டான் மூடியை எடுத்துக்கொண்டாள். தலையில் உப்புக் கூடையோடு வழுக்குகிற வரப்பில் வருஷக்கணக்கில் நடந்த கால்கள் அம்மாவுடையவை. அந்தக் கால் அசையவே இல்லை. முதல் நாள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் விலக்கிவிட ஓடிவந்தார்கள். திண்டிவனத்தில் டயர் கடை வேலை முடித்து வந்த அப்பா, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸை வைத்த கையோடு டீக்கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் ஆனால் அம்மாவே மூடியைத் தேட ஆரம்பித்தாள். பேச்சு மட்டும் அப்போதும் கிடையாது. மூடியில் விழுகிற அடிச் சத்தம்தான்.

மழைக்காலம் வந்து உப்பு வாருவது நின்ற சமயம் ஆயுத பூஜை வந்தது. அம்மா பலகை, கூடை, மண்வெட்டி, அரிவாள்மனை, மிக்ஸி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தாள். அத்தை வாளைக் கொண்டுவந்து பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா சந்தனத்தைக் குழைத்தாள். சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தவள், பலகைக்குப் பொட்டு வைத்து, வாளின் உறைக்கும் ஒரு பொட்டு வைத்து, வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளுக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனாள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் போதை ஒழிப்பு ஊர்வலம் என்றார்கள். ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து மெயின் ரோடு வரைக்கும் நடக்கவிட்டுத் திரும்பக் கூட்டிவந்து மரத்தடியில் உட்கார வைத்தார்கள். எஸ்.ஐ. ஒருத்தர் வந்து பேசினார். நல்ல மனிதர், குழந்தைகளுக்குப் புரியும்படி நிறையப் பேசினார். எனக்குத்தான் பசி. முன்னால் உட்கார்ந்திருந்தவளின் ரிப்பனில் எறும்பு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. யார் வீட்டிலாவது குட்கா வைத்திருந்தால் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த வார்த்தை. கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"எங்க ஊட்ல இருக்குது சார். எங்க அத்தை வெச்சிருக்காங்க."

எங்கே என்று கேட்டார். பீரோ மேலே பட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள் என்றேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பஞ்சாபிலிருந்து என்றேன். எப்போதெல்லாம் எடுப்பார்கள் என்று கேட்டார்.

"காலைல குளிச்சதும் எடுப்பாங்க சார். சாயங்காலம் வேற குட்கா. அதுல எங்கம்மாவும் சேந்துக்குவாங்க. ரெண்டு பேரும் செமையா அடிப்பாங்க சார்."

எஸ்.ஐ. என்னைத் தட்டிக்கொடுத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார். இப்படித் தைரியம் வேண்டும் என்றார். வந்து பாருங்கள் சார் என்று நான் அழைத்தேன், கட்டாயம் வருகிறேன் என்றார். டீச்சர் மட்டும் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொன்னபடியே அன்று சாயங்காலம் வந்தார். ஜீப்பிலிருந்து அவரும் ஒரு பெண் போலீசும் இறங்கினார்கள். தெரு கூடிவிட்டது. அம்மா அப்போது உப்பளத்தில், அடுத்த மழைக்கு முன்னால் உப்புக் குவியலுக்கு ஓலை மூடும் வேலையில் இருந்தாள். வீட்டில் அத்தையும் நானும்தான். எஸ்.ஐ. வாசற்படியில் நின்று, "குட்கா எங்கம்மா?" என்று கேட்டார்.

அத்தையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வந்த நாளிலிருந்து இந்த ஊரில் என்னைத் தவிர ஒருத்தர்கூட அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டதில்லை. கும்பிடு போட்டுவிட்டு, பீரோ மேலே கையைக் காட்டினாள். எஸ்.ஐ. பூட்ஸ் காலோடு உள்ளே வந்து எட்டிக் கையை நீட்டினார். அத்தை சட்டென்று குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"நீ ஷூ கழட்டு."

எஸ்.ஐ. "இன்னாது?" என்றார். அத்தை, அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். அம்மா என்னிடம் சொல்வதுபோலவே ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"கைய கழுவு. போ."

எனக்கு அப்போதும் சிரிப்புத்தான் வந்தது. எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பெண் போலீஸ் அதற்குள் பீரோ மேலே நீலத் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிடியைப் பார்த்துவிட்டு, "சார், வாள் வேற இருக்குது" என்றாள். எதையும் தொட வேண்டாம், முதலில் இந்தப் பெண்ணை வண்டியில் ஏற்று, மற்றதை ஸ்டேஷனில் பேசிக்கொள்ளலாம் என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார். பெண் போலீஸ் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள். கூட்டத்தில் யாரோ, பஞ்சாபிலிருந்து சரக்கு வருகிறதாம் என்று பேசினார்கள். சார், சார் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

உப்பளத்துக்கு ஓடினேன். வரப்பில் இரண்டு இடத்தில் விழுந்தேன். ஓடும்போது போலீஸ் பயத்தைவிட இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. அம்மா வராவிட்டால்? 'அது போவட்டும்' என்று சொல்லிவிட்டு ஓலையை மூடிக்கொண்டு நின்றுவிட்டால்? சொல்லக்கூடியவள்தான். மூச்சு வாங்க, பள்ளிக்கூடத்தில் நான் சொன்னது, ஜீப் வந்தது, எல்லாவற்றையும் கலந்துகட்டிக் கொட்டினேன். அம்மா பாதி வரைக்கும்தான் கேட்டாள். அதற்குள் ஓலையைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வந்தபோது அத்தையின் ஒரு கால் ஜீப்புக்குள் இருந்தது. அவள் அழவில்லை. வாசல் வழியாகப் பீரோ மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எஸ்.ஐ.யைப் பார்த்து, "கொஞ்சம் இருங்கய்யா" என்றாள். செருப்பை உதறிவிட்டு, முழங்கை வரை உப்பு அப்பிய கையோடு டிரம்மைத் தாண்டி உள்ளே போனாள். சமையல்கட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஈரம் சொட்டியது. முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கால் நுனியில் நின்று, பட்டுத் துணி மூட்டையை இரண்டு கையாலும் எடுத்தாள். நெற்றியில் ஒற்றினாள். வாசலுக்குக் கொண்டுவந்து மெதுவாகப் பிரித்துக் காட்டினாள்.

பெண் போலீஸ் குனிந்து பார்த்துவிட்டு, "பொஸ்தகம் சார்" என்றாள்.

"இதாங்கய்யா குட்கா. இவங்க சாமி பொஸ்தகம். நீங்க தேடி வந்தது இங்க இல்லீங்க."

புத்தகம் என்றால் புத்தகம் என்று சொல்ல வேண்டியதுதானே, யாரிடம் என்ன பேசுகிறோம் என்று தெரியாதா, ஒரு ஆபீசரைப் பார்த்துக் கையைக் கழுவு போ என்பதா என்று எஸ்.ஐ. குரலை உயர்த்தினார். நியாயம்தான். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. அம்மா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அது மேல தப்பு இல்லீங்க. மரியாத போட்டுப் பேச நான்தான் அதுக்குச் சொல்லித் தரல. எந்தம்பி பொண்டாட்டிங்க அது. எங்க ஊட்டுப் பொண்ணு."

எஸ்.ஐ. அத்தையை இறக்கிவிடும்படி பெண் போலீசுக்குக் கைகாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, அப்படியானால் சாயங்காலம் அடிப்பது எது என்று கேட்டார். நான் உள்ளே ஓடிப் பிரம்புகளையும் குண்டான் மூடியையும் கொண்டுவந்து போட்டேன். மூடி அடி வாங்கி அடி வாங்கி அடையாளம் தெரியாமல் நெளிந்துபோயிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

வாள் பாக்கி இருந்தது. அம்மா புத்தகத்தை மேலே வைத்துவிட்டு வாளைத் தானே எடுத்துவந்தாள். உறையில் சந்தனம் காய்ந்து, குங்குமம் பாதி உதிர்ந்து இருந்தது. பூஜையில் வைத்தீர்களா என்று எஸ்.ஐ. கேட்டார். வீட்டில் இருக்கிற ஆயுதத்தை விட முடியுமா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அவர் தன் ஜீப்பைப் பார்த்தார். பானெட்டில் அதே சந்தனம், அதே குங்குமம் இருந்தது. முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் துப்பாக்கிகளுக்கும் பொட்டு வைத்தோம் என்று அவரே சொன்னார். மாமாவுக்குப் போன் போட்டுப் பேசினார். வாளை வெளியே கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறியவர் என்னைக் கூப்பிட்டு, "கைதட்டச் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

ஜீப் திரும்பி மெயின் ரோடு ஏறி மறைந்தது. அப்பாடா! அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தெருவே ஏமாந்து கலைந்துகொண்டிருந்தபோது நான் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அத்தை என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் இரண்டு பெயர்களையும் போட்டுக் குழப்பியது அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கட்கா, குட்கா, கட்கா, குட்கா என்று என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். அழுகைக்கு நடுவில் எல்லாமே குட்காவாக வந்தது. அம்மாவும் சிரித்தாள்.

மறுநாளே 'ங்க' பாடம் தொடங்கிவிட்டது. வாங்க, போங்க, உக்காருங்க. அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், எங்கும் விடாமல் போட ஆரம்பித்தாள். வேலியில் மேய்கிற ஆட்டைப் பார்த்து "போங்க, போங்க" என்றாள். என்னை "எழுந்திருங்க, ஸ்கூல் போங்க" என்று எழுப்பினாள். அம்மா அவளை "ஏம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தது எந்த நாளிலிருந்து என்று எனக்கு நினைவில்லை. குவார்ட்டர்ஸ் கிடைத்து அவள் போன பிறகும் அந்த மூடியை அம்மா தட்டி நிமிர்த்தவில்லை.

ஆனால் ஜீப் வந்த அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அத்தை போகவில்லை, அது போதும். அழுது முடித்ததும் தாகம் எடுத்தது. சமையல்கட்டுக்குப் போய்க் குடத்தைச் சாய்த்தேன், சொட்டுத் தண்ணீர் இல்லை. மத்தியானம் பாதிக் குடத்துக்கு மேலே இருந்தது எனக்குத் தெரியும். வாசலில் உப்புத் தண்ணீர் டிரம் தளும்பத் தளும்ப நின்றது. நல்ல தண்ணீர் எல்லாம் தீர்ந்துபோய்விட்டது என்று பயந்துகொண்டே அம்மாவிடம் சொன்னேன். முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா திட்டவே இல்லை, பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு வா என்றாள். பாவம் அம்மா, அவசரத்தில் தண்ணீர் மாறிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே சொம்பை எடுத்துக்கொண்டு போனேன்.